திண்ணைக்கு பில் கிடையாது

எங்கள் ஊர்க் கதை ஒன்று வீட்டு விலாசத்தில்தான் முடிகிறது. சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, இவன் எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்று தடுத்துவிட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வந்தது. கிழவர் பக்கமே தீர்ப்பாயிற்று. அதன் பிறகு சபையார் கேட்டார்கள்: இந்த ஊர்க்காரர் என்கிறீரே, உம்முடைய வீடு எங்கே? வாருங்கள் காட்டுகிறேன் என்று முன்னால் நடந்த கிழவர் அருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார்.

கல்லில் கட்டிய அந்த ஒரு வீடு இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்து மற்ற வீடுகளில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. கம்பரை வைத்துக் காப்பாற்றிய சடையப்ப வள்ளல் எங்கள் ஊர்க்காரர் என்று பெருமை பேசுகிறோம். அவர் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார் என்று கேட்டால் கைகாட்ட ஓர் இடம் கிடையாது. மண்ணும் மரமும் ஓலையும் அப்படித்தான். கட்டியவனோடு போய்விடும்.

போன மாதம் எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டார். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள், வெளியே நீளத் திண்ணை. கீழே "அந்தக் காலத்து வீடு போல வருமா?" என்று ஒரு கேள்வி. வராது, வராது என்று நாற்பது பேர் கைகூப்பி பொம்மை போட்டிருந்தார்கள். நான் ஒன்றும் போடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் யூனியன் ஓவர்சியராக வேலை பார்த்தவன். நான் அளந்து எம்.புக்கில் எழுதிய வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு டவுன் ஆகும். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வேறு கேள்விதான் வருகிறது: நம்மில் எத்தனை பேர் அந்த வீட்டில் இருந்தோம்?

எங்கள் பக்கம் மூன்று விதமான வீடுகள் இருந்தன. மெத்தை வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு. மெத்தை வீடு என்றால் தேக்கு விட்டம் போட்டு, மேலே சின்னச் செங்கலைச் செருகி நிறுத்தி, சுண்ணாம்பு கொட்டி இடித்த தளம். ஊருக்கு நாலு இருந்தால் அதிகம். ஓட்டு வீடு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மற்றதெல்லாம் கூரை. படத்தில் வந்த தொட்டிக்கட்டு வீட்டில் இருந்தவர்கள் ஊரில் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் வீட்டு அம்மியையும் ஊஞ்சலையும் நம்முடைய இளமைக்காலம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. நாம் பாரம்பரியம் என்று சொல்லும் அந்த ஓட்டு வீட்டின் ஓடே வந்த சரக்குதான். குயவர் சக்கரத்தில் சுற்றி, இரண்டாகப் பிளந்து சூளையில் சுட்டதுதான் நாட்டு ஓடு. தட்டையாக, ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும் சீமை ஓடு மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் ஆரம்பித்த தொழிற்சாலை வழியாக வந்தது. என் தாத்தா நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுச் சீமை ஓடு போட்டபோது, இது என்ன புதுப் பழக்கம் என்று பங்காளிகள் முணுமுணுத்தார்களாம். செட்டிநாட்டு வீட்டின் அழகெல்லாம் பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும்தானே. வீடு எப்போதும் கிடைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது. ஆகவே சிமெண்ட் வந்து பழைய வீட்டைக் கெடுத்துவிட்டது என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியாது.

கூரை வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதைப் பற்றி யாரும் படம் அனுப்புவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் தாலுகாவின் தெருக்களில் பெரும்பாலும் அதுதான். ஏரி மண்ணைக் கொண்டுவந்து, தண்ணீர் விட்டு, வைக்கோல் துணுக்கு போட்டு மிதிப்பார்கள். ஒரு வரி சுவர் வைத்து, காய விட்டு, அதன்மேல் அடுத்த வரி. ஒன்றரை அடி கனத்தில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்ப ஒரு மாதம் ஆகும். மேலே பனங்கை, மூங்கில் வாரை. கூரைக்குத் தென்னங்கீற்றோ பனை ஓலையோ. கரும்பு வெட்டும் காலத்தில் கரும்புத் தோகை. செஞ்சி, கல்வராயன்மலைப் பக்கம் மஞ்சம்புல். காசு கொடுத்து வாங்குவது கயிறும் கதவும்தான். அக்கம்பக்கத்து ஆட்களே கூரை வேய்வார்கள். கூழும் கருவாட்டுக் குழம்பும் சாப்பாடு. எறவாணம் நெஞ்சு மட்டத்துக்குத் தாழ்ந்திருக்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். வெளியே கண் கூசுகிற வெயில் என்றால் உள்ளே பானைத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

அந்தக் குளிர்ச்சிக்கு விலை உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். மாற்றக் காசில்லாத வருஷத்தில் மழை நேரே உள்ளே வரும். ஐப்பசி கார்த்திகையில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, குழந்தைகளை நடுவில் கூட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஊறிய சுவர் ராத்திரியில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். மாசி பங்குனியில் நெருப்பு. ஒரு வீட்டு அடுப்புப் பொறி காற்றில் பறந்தால் தெருவே போய்விடும். அப்படிப் போன ஒரு தெருவில் மறுநாள் காலை கணக்கெடுக்கப் போயிருக்கிறேன். ஒரு பெண் பிள்ளை தன் பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட் எரிந்துபோனதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகள் செத்தது எந்தக் கூரையால் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் பக்கம் ஏறியபோது கூரைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. கூரை வீடு அழகு என்று சொல்கிறவர் அதில் ஒரு மழைக்காலம் இருந்திருக்கவேண்டும்.

திண்ணையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வழிப்போக்கனுக்குத் திண்ணை, வந்தவருக்கு மோர் என்று எழுதுகிறோம். எந்த வழிப்போக்கன்? எங்கள் தெருத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும் என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே தெரியும். எங்கள் வயலில் வேலை செய்தவர் கூலி வாங்க வந்தால் வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நிற்பார். திண்ணை காலியாகத்தான் இருக்கும். என் அப்பா நல்லவர் என்று பேர் எடுத்தவர். அவரும் ஒருநாள்கூட உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தத் திண்ணை போனதற்கு ஒப்பாரி வைக்கச் சொல்லி அவருடைய பேரனிடம் கேட்டால் சிரிப்பான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நின்றவருடைய சொந்த வீட்டிலும் திண்ணை இருந்தது. அதுதான் நான் சொல்லவந்தது. மெத்தை வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு, ஊர்த் தெரு, காலனி எதுவானாலும் சில விஷயங்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தன. தரையைவிட இரண்டு அடியாவது உயர்ந்த மேடை. அதன் முன்பக்கம் ஒரு திண்ணை. பணக்காரருக்குச் சுண்ணாம்புக் காரை, ஏழைக்குச் சாணி மெழுகிய மண். திண்ணையை மூடும்படி இறங்கிய எறவாணம். அதற்கு முன்னால் கோலம் போட, நெல் காயவைக்க ஒரு வாசல். வெயில் சுவரில் படாது, மழைச்சாரல் சுவரடியில் அடிக்காது, வெள்ளம் வந்தால் உடனே உள்ளே ஏறாது. வீட்டுக்குள் படுக்கவும் பொங்கவும்தான் இடம். மிச்ச வாழ்க்கை எல்லாம் அந்த நாலடி நிழலில்தான் நடந்தது. கிழவர்கள், குழந்தைகள், காய்கறி நறுக்குகிறவர்கள், சண்டை பிடிக்கிறவர்கள், பிணம் வந்தால் பிணம்.

நான் வேலை பார்த்த காலம் முழுக்க அரசாங்கம் வீடு கட்டிக்கொண்டே இருந்தது. ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கென்று 1974-இல் தாட்கோ, 1985-இல் இந்திரா ஆவாஸ் யோஜனா, 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-இல் பசுமை வீடு, 2016-இல் பிரதமர் பெயரில் ஒன்று. பேர் மாறும், மேலே எழுதும் பெயிண்ட் மாறும். ஜனங்கள் வாயில் எல்லாமே தொகுப்பு வீடுதான். அந்த வீடுகள் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பூட்டிவிட்டு வேலைக்குப் போகலாம், நெருப்புக்குப் பயமில்லை, பட்டா பெண்ணின் பேரில் வரும். கூரை வீட்டில் பிறந்த ஒருவர் கான்கிரீட்டுக்குள் முதல் ராத்திரி படுக்கும்போது என்ன நினைப்பார் என்று மெத்தை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

குறை எங்கே என்றால், கோடு போட்டவர்கள் வீடு என்றால் நாலு சுவரும் ஒரு தளமும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆவாஸ் வீட்டுக்கு 20 சதுர மீட்டர், நம் கணக்கில் 215 சதுர அடி. அதில் ஒரு அறை, ஒரு சமையல் மூலை. எறவாணம் இருந்த இடத்தில் ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு. மேலே நாலு இஞ்ச் கான்கிரீட் பகல் பூராவும் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கீழே இருப்பவர்கள் மேல் இறக்கும்.

இனி நான் சொல்லப்போவது என் குற்றம். 1998 வாக்கில், ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் இருந்தபோது, ஆற்றோரம் ஒரு காலனியில் இருபது வீடுகள் கட்டினோம். சிமெண்ட், கம்பி, கதவு, ஜன்னல் எல்லாம் யூனியனிலிருந்து போகும். அடித்தளம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக அளந்து பில் போடுவது என் வேலை. அதில் ஓர் ஆயாவின் வீடு. தனிக்கட்டை. கடைசிக் கட்ட அளவெடுக்கப் போனபோது வீட்டுக்கு முன்னால் பத்தடி நீளத்துக்கு ஒரு திண்ணை எழுந்திருந்தது. உடைந்த செங்கல், உள்ளே மண், மேலே மழமழவென்று சிமெண்ட் பூச்சு. எனக்குப் பகீரென்றது. ஒதுக்கிய சிமெண்டில் இரண்டு மூட்டை அங்கே போயிருக்கிறது. போட்டோ எடுத்து ஃபைலில் வைக்க வேண்டும். பிளானில் திண்ணை இல்லை.

"இன்னா ஆயா இது? பிளான்ல இல்லாததுக்கு பில் கிடையாது. இதை எடுத்தாத்தான் கடைசிப் பணம் வரும்" என்றேன்.

"வூட்டுக்குள்ள எந்நேரமும் ஒக்காந்திருக்க நான் இன்னா வயசுக்கு வந்த பொண்ணா ஐயா? எதுத்த வூட்டு மூஞ்சியப் பாக்கத் தேவல?" என்று கேட்டது.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது அதிகாரிக்குக் குரல் உயரும். எனக்கும் உயர்ந்தது. ஒரு வாரம் கழித்துப் போனபோது திண்ணை இருந்த இடம் சமதளமாக இருந்தது. ஆயா உள்ளே, கதவுக்குப் பக்கத்தில், வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. போட்டோ எடுத்தேன், கையெழுத்துப் போட்டேன், பணம் வந்தது. விதிப்படி எல்லாம் சரி.

அதற்கு அப்புறம் என் கண்ணில் ஒன்று பட ஆரம்பித்தது. ஏற்கெனவே இருந்ததுதான், நான் பார்க்கவில்லை. எந்தக் காலனிக்குப் போனாலும் தொகுப்பு வீட்டுக்கு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. நாலு சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, காசு இருந்தால் தகர ஷீட்டு. அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மேடை, ஓரமாக அடுப்பு. உள்ளே கான்கிரீட் அறையில் பீரோ, டிவி, நெல் மூட்டை, பொங்கலுக்கு வந்த இலவச வேட்டி சேலை. குடும்பம் வெளியே. வீடு கட்டிக் கொடுத்த பின்னும் குடிசையிலேயே இருக்கிறார்கள், திருந்தவே மாட்டார்கள் என்று எங்கள் ஆபீசில் பேசிக்கொள்வோம். இப்போது யோசித்தால் தெரிகிறது, அவர்கள் எங்கள் பிளானில் விட்டுப்போனதைத் தங்கள் செலவில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். மேடை, எறவாணம், வாசல். பழைய வீட்டின் முன்பாதி அப்படியே.

ரிட்டயர் ஆன பிறகு மகள் வீட்டுக்கு மலேசியா போயிருந்தேன். நெகிரி செம்பிலான் மாநிலம், சிரம்பான். அங்கே சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் என்ற ஜனங்கள் உண்டு. சொத்தும் வீடும் பெண்வழியில் போகும். அவர்கள் வீட்டுக் கூரை இரண்டு முனையிலும் எருமைக் கொம்பு மாதிரி மேலே வளைந்து நிற்கும். வீடு மரக்கால்கள் மேல். ஸ்ரீ மெனாந்தியில் 1908-இல் முடித்த பழைய அரண்மனை ஒன்றைக் காட்டினார்கள். 99 மரத்தூண்கள், ஆணியே அடிக்காமல் கோத்தது. தச்சு வேலையைப் பார்த்துவிட்டு அரை நாள் அங்கேயே சுற்றினேன். அவர்களுடைய பூர்வீக மண்ணில் கூரைக்குப் பனை நார் வேய்வார்களாம். இப்போது அங்கேயும் துத்தநாகத் தகடு வந்துவிட்டது. ஆனால் கொம்பு மட்டும் போகவில்லை. சிரம்பானில் அருங்காட்சியகத்துக்கும் அரசுக் கட்டடங்களுக்கும்கூட கான்கிரீட்டின் தலையில் கொம்புக் கூரையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். மகள் இருந்ததோ பதினோராவது மாடி பிளாட். அங்கேயிருந்து பார்த்தால் கொம்புகள் நன்றாகத் தெரியும்.

பொறாமையாகத்தான் இருந்தது. நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைப் பார்த்தால் அது எந்த ஊர்க் கட்டடம் என்று சொல்ல முடியுமா? ஆனால் ஊர் திரும்பி, அரசூர் பக்கம் பஸ்ஸில் வரும்போது வரிசையாகக் கீற்றுக் கொட்டகைகளைப் பார்த்தேன். அவர்கள் ஆபீஸ் தலையில் உருவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் உருவம் போய்விட்டது, புழக்கம் போகவில்லை. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் புழக்கம்தான் என்பேன். கொம்பு வைக்க அரசாங்கம் பணம் கொடுத்தது. கொட்டகைக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் ஒருத்தன் பணத்தை நிறுத்தி வைத்ததுகூட உண்டு. இருந்தும் நிற்கிறது.

மண் வீட்டையே திரும்பக் கட்டலாமே என்கிற படித்த நண்பர்கள் இருக்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே, வானூர் தாலுகாவில், ஆரோவில் மண் கட்டட நிறுவனம் 1989-இலிருந்து அதைத்தான் செய்கிறது. நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்து மண்ணை அழுத்திச் செய்த கல். சுட வேண்டாம், விறகு வேண்டாம். போய்ப் பார்த்தேன், உறுதியாகத்தான் இருக்கிறது. கேரளத்தில் லாரி பேக்கர் தளத்துக் கான்கிரீட்டுக்கு நடுவில் சீமை ஓட்டைப் பதித்துப் போடுவார். சிமெண்டும் குறையும், சூடும் குறையும். இதையெல்லாம் எங்கள் டிபார்ட்மெண்ட் எப்போதோ எடுத்திருக்கவேண்டும். ஆனால் ஆரோவில் பக்கம் மண் கல்லில் சுவர் வைத்துப் பழகிய ஒரு கொத்தனாரிடம், உன் வீடு எதில் கட்டினாய் என்று கேட்டேன். "சிமெண்ட்லதான் சார். மண்ணுல கட்னா எம் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். மண் வீட்டை வேண்டுமென்று கட்டுகிறவனுக்கும் வேறு வழியில்லாமல் கட்டுகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த மானக்குறை தீரும்வரை மண்ணைப் பற்றி ஏழைகளுக்கு நாம் பாடம் எடுக்கக்கூடாது. முதலில் கலெக்டர் பங்களாவை மண்ணில் கட்டட்டும்.

ஃபெஞ்சல் புயல் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, போகாமல் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்துவிட, தென்பெண்ணையும் மலட்டாறும் ஒன்றாக வந்தன. அரசூரில் தேசிய நெடுஞ்சாலைமேலேயே தண்ணீர். நாங்கள் இருந்த தெரு தப்பியது. நாலு நாள் கழித்துப் பாலும் பிரெட்டும் எடுத்துக்கொண்டு நண்பர்கள் சிலர் ஆற்றோரக் கிராமங்களுக்குப் போனபோது நானும் போனேன். அந்தக் காலனி வழியில் இருந்தது.

கொட்டகைகள் ஒன்றும் இல்லை. மண் சுவர் வைத்துத் தனியாக எடுத்த சமையல் கட்டுகள் கரைந்து கிடந்தன. இருபது தொகுப்பு வீடுகளும் நின்றன. காலனி ஜனங்கள் அத்தனை பேரும் அந்தத் தளங்களின் மேல் ஏறித்தான் பிழைத்திருக்கிறார்கள். மாடிப்படி எங்கள் பிளானில் கிடையாது; மூங்கில் ஏணி வைத்து ஏறி, கிழவர்களைச் சேலையில் தூளி கட்டித் தூக்கியிருக்கிறார்கள். நான் கம்பி எண்ணிப் பார்த்த தளங்கள். அதைக் கேட்டபோது கண் கலங்கியது, மறைக்கவில்லை.

ஆயா போய்ப் பல வருஷமாகிவிட்டது. அந்த வீட்டில் இப்போது இருப்பது அதன் தங்கை மகள். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "நீங்கதான சார் எங்க பெரிம்மா திண்ணைய இடிக்கச் சொன்னது?" என்று நேரே கேட்டாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு முன்னால் சேற்றுக்கு நடுவில் ஒரு திண்ணை இருந்தது. ஆயா சாகும் முன்பே, நான் மாறுதலாகிப் போன மறு வருஷமே, திரும்பக் கட்டிக்கொண்டதாம். வெள்ளம் அதன்மேல் பூச்சைப் பெயர்த்திருந்தது; செங்கல் தெரிந்தது. "அதுமேல காலு வெச்சிதான் சார் ஏணியில ஏறனோம். தண்ணி இழுத்த இழுப்புல ஏணி நிக்கல, திண்ணையிலதான் முட்டுக் குடுத்தோம்" என்றாள். பிறகு ஒரு சாக்கைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

இப்போது 2024-இலிருந்து கலைஞரின் கனவு இல்லம் என்று நடக்கிறது. வீட்டுக்கு மூன்றரை லட்சம். 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை, பயனாளி இஷ்டப்படி போட்டுக்கொள்ளலாம். நான் வேலையில் இருந்த காலத்தில் "பயனாளி இஷ்டப்படி" என்ற வார்த்தை எந்த ஆர்டரிலும் எனக்குக் கண்ணில் பட்டதில்லை. யார் எழுதினார்களோ, நன்றாக இருக்கட்டும். ஆனால் கட்டி முடித்த வீடுகளைச் சைக்கிளில் போய்ப் பார்க்கிறேன். பலர் அந்த 60 சதுர அடியை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் மூடி, ஒரு இருட்டு அறை ஆக்கிவிடுகிறார்கள். கான்ட்ராக்ட் கொத்தனாருக்கு அது சுலபம், நாலு பக்கம் சுவர் வைத்தால் முடிந்தது. அப்புறம் ஆறு மாதம் கழித்து முன்னால் சொந்தச் செலவில் கீற்றுக் கொட்டகை முளைக்கிறது. அதே கதை.

அதை முன்பக்கம் கொண்டுவாருங்கள் என்பதுதான் நான் சொல்வது. பதினைந்தடி நீளம், நாலடி அகலம், சரியாக அறுபது. சீமை ஓடு போட்டு, எறவாணத்தை நன்றாக இறக்கி விடுங்கள். ஒரு பக்கம் திண்ணை, மறுபக்கம் தளத்துக்கு ஏறப் படி. மேடையை இரண்டடிக்குக் குறையாமல், ஆற்றோரம் என்றால் மூன்றடியாக எழுப்புங்கள். ஓடு பழசாகவே கிடைக்கும். ஊரில் இடிக்கிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை, எங்கள் தெருவிலேயே இந்த வருஷம் மூன்று. எங்கள் வீட்டையும் இடிக்கத்தான் போகிறோம். சுவரில் கரையான், விட்டம் மூன்று இடத்தில் உளுத்திருக்கிறது. மகன் சொல்வது நியாயம்தான். திண்ணையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். கார் நிறுத்த இடம் வேண்டுமே அப்பா என்றான். இன்னும் பேச்சு நடக்கிறது.

திருவெண்ணெய்நல்லூர் சுற்றுவட்டாரத்தில் கனவு இல்லம் ஒதுக்கீடு வாங்கிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அடித்தளம் போடும் முன் என்னைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். எங்கள் வீட்டுச் சீமை ஓடு ஒரு ஆயிரத்து இருநூறு தேறும். தை மாதம் இறக்குவோம். முதலில் வருகிறவர்களுக்கு.